புதிதாகச் செய்வித்த பேஸ் கிட்டார் பெட்டி: வெள்ளோட்டத்தில் கேட்டதும் கேட்காததும்

நான்குதந்தி, அல்சூர்

வணக்கம். இரண்டு பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட பேஸ் பெட்டி ஒன்றை எங்கள் தெருவுக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி ஒருவரிடம் செய்யக் கொடுத்திருந்தேன். அது சென்ற சனிக்கிழமை கைக்கு வந்தது. படம் வரைந்தது நான். அறுத்ததும் ஒட்டியதும் அவர். நாற்காலியும் அலமாரியும் செய்து பழகியவர் என்பதால் மூலைப் பொருத்தங்கள் கடையில் வாங்கும் பெட்டிகளைவிட நேர்த்தியாகவே இருக்கின்றன.

உள்ளளவு 34 செ.மீ. அகலம், 68 செ.மீ. உயரம், 40 செ.மீ. ஆழம். அதாவது 92 லிட்டருக்குச் சற்று மேல். ஸ்பீக்கர்களும் குழாய்களும் குறுக்குச் சட்டமும் அடைக்கும் இடத்தைக் கழித்தால் 85 லிட்டர் நிற்கும். பலகை 18 மி.மீ. கர்ஜன் பிளைவுட். நியோடிமியம் காந்தம் கொண்ட 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டு, இணையாக இணைத்து 4 ஓம். முன்பலகையின் அடியில் 10 செ.மீ. உள்விட்டமும் 20 செ.மீ. நீளமும் உள்ள இரண்டு பி.வி.சி. குழாய்கள், கணக்குப்படி பெட்டி 45 ஹெர்ட்ஸில் சுருதி சேர வேண்டும். குளியலறை எடைக்கருவியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி, என் எடையைக் கழித்துப் பார்த்தேன்: 26 கிலோ. பழைய நான்கு பத்து அங்குலப் பெட்டியை இரண்டு மாடி ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். இதை நான் தனியாக ஏற்றிவிட்டேன்.

மொட்டை மாடியில் இருக்கும் எங்கள் ஒத்திகை அறையில் மெல்லிய ஒலியில் வாசித்தபோது, பல ஆண்டுகளாக நானே வாசித்து வரும் வரிகளில் விரல் தந்தியை விட்டு விலகும் அந்த நுனியோசை வரை தெளிவாகக் கேட்டது. மகிழ்ச்சி அத்துடன் சரி. டிரம்ஸ் சேர்ந்து ஒலியைக் கூட்டியதும் இரண்டு தொல்லைகள் தலைகாட்டின. திறந்த ஏ தந்தியை, அதாவது விரலால் அழுத்தாமல், மீட்டினால் அந்த ஒரு சுரம் மட்டும் அறை முழுவதும் ஊதிப் பெருத்து நிற்கிறது. அதற்குக் கீழே, ஈ தந்தியின் முதல் சில சுரங்களில் ஒலி கனப்பதற்குப் பதிலாக, ஈரத்துணியை உதறுவது போன்ற ஒரு படபடப்பு வருகிறது. ஆம்ப் 4 ஓமில் 500 வாட் தரும் டி வகுப்பு ஆம்ப். அதன் பாதி அளவைக்கூட நான் தொடவில்லை. குறை எங்கே இருக்கும்?

பழையபெட்டி, ஃப்ரேசர் டவுன்

பெட்டியைப் பழிக்கும் முன் அறையை அளந்து பாருங்கள், தம்பி. மாடி அறை என்றால் பெரும்பாலும் பத்தடி அகலம் இருக்கும். இரண்டு சுவர்களுக்கிடையே பத்தடி என்றால் மூன்று மீட்டருக்குச் சற்று மேல். நம் பெங்களூரு வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் செல்கிறது. அலையின் பாதி நீளம் அந்த அகலத்துக்குச் சரியாக அடங்கும் இடம் 57 ஹெர்ட்ஸுக்கு அருகில் வருகிறது. உங்கள் திறந்த ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். அந்த அறையில் எந்தப் பெட்டியை வைத்தாலும் அந்தச் சுரம் ஊதத்தான் செய்யும். அறையின் நடுவில் நின்று வாசித்தால் குறையும், சுவரோரம் போனால் கூடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முப்பது ஆண்டுகளாக மெல்லிசைக் குழுக்களிலும் தேவாலயங்களிலும் வாசித்து வருகிறேன். துளை போட்ட பெட்டியை என்னால் இன்றுவரை முழுமனதாக நம்ப முடியவில்லை. 1969ஆம் ஆண்டு ஆம்பெக் நிறுவனம் எஸ்.வி.டி. என்ற 300 வாட் ஆம்பை வெளியிட்டபோது அதனுடன் கொடுத்தது எட்டுப் பத்து அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட, துளையே இல்லாத மூடிய பெட்டிதான். குளிர்சாதனப் பெட்டி என்று கேலி செய்துகொண்டே உலகம் முழுவதும் அதை மேடையில் ஏற்றினார்கள். மூடிய பெட்டியில் சுருதி சேர்க்க வேண்டியது எதுவுமில்லை. ஆகவே சுருதி தவறுவதற்கும் வழியில்லை.

அலைநீளம், ஒயிட்ஃபீல்டு

ஐயா சொல்வது ஏ தந்தியின் தொல்லைக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஈ தந்தியின் படபடப்புக்குப் பொருந்தவில்லை. அறை ஒரு சுரத்தைப் பெரிதாக்கலாம், விழுங்கலாம். ஸ்பீக்கரின் முன்னால் அசையும் கூம்பைப் படபடக்க வைக்காது. ஆகவே இவை ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள் அல்ல, இரண்டு வேறு நோய்கள் என்று நினைக்கிறேன்.

குழாய் வைத்த பெட்டி எப்படி வேலை செய்கிறது என்பதைப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். காலி புட்டியின் வாயில் ஊதினால் ஒரு சுரம் எழுகிறது அல்லவா, அதே இயற்பியல்தான். பெட்டிக்குள் இருக்கும் காற்று சுருள்வில்லாகவும், குழாய்க்குள் இருக்கும் காற்று அதில் தொங்கும் எடையாகவும் நடந்துகொள்கின்றன. இரண்டும் சேர்ந்து அதிரும் அதிர்வெண்தான் பெட்டியின் சுருதி. அந்த இடத்தில் ஒலியின் பெரும்பகுதி குழாயிலிருந்தே வருகிறது. கூம்பு ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது. சுருதிக்குக் கீழே போனால் கதை தலைகீழாகிறது. குழாயின் காற்றும் கூம்பும் ஒன்றுக்கொன்று எதிராக இயங்கி ஒலியை அழித்துக்கொள்கின்றன. கூம்பைத் தாங்கிப் பிடிக்கப் பெட்டிக்குள் அழுத்தமே இல்லாமல் போய்விடுகிறது. கேட்கும் ஒலி குறையும்போதே கூம்பின் ஆட்டம் கூடுகிறது. நீங்கள் கேட்கும் ஈரத்துணிச் சத்தம் இதுவாக இருக்கலாம்.

துளை போட்ட பெட்டி சூதாட்டமாக இருந்த காலம் ஒன்று உண்மையில் இருந்தது. அதை ஐயா நினைவில் வைத்திருப்பது தவறல்ல. 1961ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் வெளியிட்ட கட்டுரையும், 1970களில் ரிச்சர்ட் ஸ்மால் எழுதிய தொடர் கட்டுரைகளும் வந்த பிறகே, ஸ்பீக்கரின் சில அளவுகளைக் கொண்டு பெட்டியின் நடத்தையை முன்கூட்டிக் கணக்கிட முடிந்தது. இன்று ஸ்பீக்கருடன் வரும் தாளில் அச்சாகும் எண்கள் அவ்விருவரின் பெயரால்தான் அழைக்கப்படுகின்றன.

அறுப்பதற்கு முன் செய்ய வேண்டிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒவ்வொரு ஸ்பீக்கரின் முனைகளிலும் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். நேர்முனை நேர்முனையைத் தொடும்போது இரண்டு கூம்புகளும் வெளிப்பக்கமாகவே நகர வேண்டும். ஒன்று வெளியேயும் மற்றொன்று உள்ளேயும் போனால் இணைப்பு மாறியிருக்கிறது; தாழ்ந்த சுரங்கள் மறைந்துபோக அதுவே போதும்.

மேடையோரம், சிவாஜிநகர்

அறையா, பெட்டியா என்று எழுத்தில் வாதாடுவதைவிடப் பெட்டியை அறைக்கு வெளியே இழுத்து வைத்தால் அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். மொட்டை மாடி இருக்கும்போது என்ன கவலை? ஆனால் பகலில் செய்யுங்கள். இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கச் சட்டம் இடம் தராது. பகலிலும் குடியிருப்புப் பகுதிக்கு 55 டெசிபல்தான் வரம்பு என்பதை எதிர்வீட்டுக்காரர் அறிந்திருந்தால் அரைமணி நேரம்கூடக் கிடைக்காது.

இன்னொரு வேலையும் உண்டு. 40 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு சீரான ஒலியைக் கைப்பேசியிலிருந்து கொடுத்துவிட்டு, ஓர் ஊதுவத்தியை ஏற்றி எல்லா மூட்டுகளின் மீதும், பின்னால் கேபிள் செருகும் தகட்டைச் சுற்றியும் மெல்ல நகர்த்துங்கள். காற்று கசியும் இடத்தில் புகை துள்ளும். அலமாரி செய்பவர்களுக்குக் காற்றுப் புகாமல் ஒட்ட வேண்டிய அவசியம் வந்ததே இல்லை. எனக்குத் தெரிந்து வீட்டில் செய்த பெட்டிகளில் பாதிப் படபடப்பு இந்தக் கசிவிலிருந்தே வருகிறது.

ஐந்தாம்தந்தி, கோரமங்களா

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என்னுடையது ஐந்து தந்தி கிட்டார். கீழ் பி தந்தி 31 ஹெர்ட்ஸ். பெட்டியின் சுருதியே 45 என்றால் என் ஐந்தாம் தந்திக்கு இந்த மாதிரிப் பெட்டி உதவவே உதவாதா?

அலைநீளம், ஒயிட்ஃபீல்டு

உதவும். பி தந்தியை மீட்டும்போது 31 மட்டும் எழுவதில்லை. 62, 93, 124 என்று அதன் மடங்குகளும் எழுகின்றன, பெரும்பாலும் அவையே வலுவாக இருக்கின்றன. அடிச்சுரம் காதுக்கு வராவிட்டாலும் அந்த மடங்குகளின் இடைவெளியைக் கொண்டு மூளை அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்கிறது. சிறிய ரேடியோவில்கூட இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் எங்கே நகர்கிறது என்று நம்மால் பின்தொடர முடிந்ததற்குக் காரணம் இதுதான். நீங்கள் செய்ய வேண்டியதெல்லாம், 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டும் வடிகட்டி ஒன்றை ஆம்புக்கு முன்னால் வைப்பது. கேட்க முடியாத ஒலிக்காகக் கூம்பை ஆட்டி ஆம்பின் திறனை வீணாக்க வேண்டியதில்லை. 31 ஹெர்ட்ஸை உண்மையிலேயே உரக்கக் கேட்க வேண்டும் என்றால் பெட்டி பெரிதாக வேண்டும், அல்லது அதே ஒலிக்குப் பல மடங்கு வாட் செலவிட வேண்டும்; சிறிய பெட்டி, ஆழ்ந்த ஒலி, குறைந்த வாட்டில் உரத்த ஒலி ஆகிய மூன்றில் இரண்டைத்தான் இயற்பியல் தருகிறது.

நான்குதந்தி, அல்சூர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாவற்றையும் செய்து பார்த்தேன்.

அறையின் அகலம் பத்தடி இரண்டு அங்குலம். ஐயா அறையைப் பார்க்காமலே சொன்னது சரியாக இருந்தது. பேட்டரிச் சோதனையில் இரண்டு கூம்புகளும் வெளிப்பக்கமாகவே நகர்ந்தன. ஊதுவத்திச் சோதனையில் மூட்டுகள் எல்லாம் தேறின. ஆசாரியைக் குறைத்து மதிப்பிட்டதற்காக மேடையோரம் அண்ணன் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேபிள் தகட்டின் ஒரு திருகு ஓரத்தில் மட்டும் புகை துள்ளியது. நுரைப் பட்டை ஒன்றை ஒட்டி அடைத்துவிட்டேன்.

பிறகு பெட்டியை மாடியின் நடுவில் வைத்து வாசித்தேன். ஏ தந்தியின் ஊதல் காணாமலே போயிற்று. மற்ற சுரங்களுக்குச் சமமாக, அடக்கமாக ஒலித்தது. ஆனால் ஈ தந்தியின் படபடப்பு அப்படியே இருந்தது, வெட்டவெளியில் இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. திறந்த ஈ முதல் ஜி வரை ஒலியில் உடம்பே இல்லை. ஏ வந்ததும் திடீரென்று உடம்பு வந்துவிடுகிறது. எதிர்வீட்டு அம்மா சன்னலைத் திறந்து, அரைமணி நேரமாக ஒரே சுரத்தை வாசிக்கிறாயே, பாட்டு எதுவும் தெரியாதா என்று கேட்டார். அத்துடன் நிறுத்திக்கொண்டேன்.

அலைநீளம், ஒயிட்ஃபீல்டு

அப்படியானால் பெட்டியின் சுருதி 45இல் இல்லை என்று சந்தேகிக்கிறேன். அளந்துவிடலாம். ஆம்பின் வெளியீட்டுக்கும் பெட்டிக்கும் இடையே 1,000 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக வையுங்கள், மின்னணுக் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். கைப்பேசிச் செயலியிலிருந்து சீரான ஒலியைக் கொடுத்து, ஆம்ப் வெளியீட்டை 10 வோல்ட்டில் நிறுத்துங்கள். இப்போது பெட்டிக்குள் ஏறக்குறைய 10 மில்லி ஆம்பியர் மட்டுமே ஓடும். பெட்டியின் முனைகளுக்கிடையே சாதாரண மல்டிமீட்டரால் மில்லி வோல்ட்டை அளந்தால் ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் மின்மறுப்பு, அதாவது மின்னோட்டத்துக்குப் பெட்டி காட்டும் எதிர்ப்பு, தெரிந்துவிடும். 40 மில்லி வோல்ட் என்றால் 4 ஓம். 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொன்றாக ஏறுங்கள். இரண்டு மேடுகளும் நடுவில் ஒரு பள்ளமும் வரும். அந்தப் பள்ளம்தான் பெட்டியின் சுருதி. டி வகுப்பு ஆம்ப் என்பதால் எதிர்முனையை எந்த உலோகப் பெட்டியோடும், பூமிக் கம்பியோடும் இணைத்துவிடாதீர்கள். பல ஆம்புகளில் அந்த முனையிலும் மின்னழுத்தம் இருக்கும்.

நான்குதந்தி, அல்சூர்

மேடுகள் 28இலும் 87இலும். பள்ளம் 54.

மூன்று முறை அளந்தேன், மாறவில்லை. கீழ் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு உள்ளே அளவுகோலை விட்டுப் பார்த்தபோது விடை கிடைத்தது. குழாயின் நீளம் 20 செ.மீ. அல்ல, 12 செ.மீ. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கே போய்க் கேட்டேன். பலகை அதிராமல் இருக்க நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் வைக்கச் சொன்னீர்கள், குழாய் அதில் இடித்தது, அதனால் இடிக்காத அளவுக்கு வெட்டினேன், காற்று போகிற ஓட்டைதானே என்றார். யோசித்துப் பார்த்தால் அவர்மேல் கோபப்பட எனக்கு எந்த உரிமையும் இல்லை. குறுக்குச் சட்டத்தை நான் வரைபடத்தில் குறிக்கவே இல்லை, வாய்மொழியாகத்தான் சொன்னேன். குழாயின் நீளம் ஏன் முக்கியம் என்றும் சொல்லவில்லை.

அலைநீளம், ஒயிட்ஃபீல்டு

85 லிட்டரில் 10 செ.மீ. விட்டமுள்ள இரண்டு குழாய்கள் 12 செ.மீ. நீளம் என்றால் கணக்கும் 54 ஹெர்ட்ஸ்தான் தருகிறது, 20 செ.மீ. என்றால் 45. எட்டு செ.மீ. குறைந்ததால் ஒன்பது ஹெர்ட்ஸ் ஏறியிருக்கிறது. காகிதத்தில் சிறிய எண்ணாகத் தெரியும். தந்தியில் பார்த்தால் அப்படியல்ல: சுருதி 45 என்றால் அதற்குக் கீழே ஈ, எஃப் என்ற இரண்டு சுரங்கள்தான் விழுகின்றன. 54 என்றால் ஈ, எஃப், எஃப் ஷார்ப், ஜி, ஜி ஷார்ப் ஆகிய ஐந்தும் விழுந்துவிடுகின்றன. ஏ தந்தியில் உடம்பு வந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்களே, 55 ஹெர்ட்ஸ் சரியாகச் சுருதிக்கு மேல் நிற்பதால்தான். அதே இடத்தில் உங்கள் அறையும் சேர்ந்துகொண்டது.

தொடர்பான ஒரு வேடிக்கை: பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது; காற்றழுத்தம் சென்னையைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. இதனால் பெட்டிக்குள் இருக்கும் காற்றின் விறைப்பு சற்றுத் தளர்கிறது, ஆனால் குழாய்க்குள் இருக்கும் காற்றின் எடையும் அதே அளவு குறைவதால் பெட்டியின் சுருதி மாறுவதில்லை. ஊரின் மேல் பழிபோட வழியில்லை.

பழையபெட்டி, ஃப்ரேசர் டவுன்

குழாயைப் பிடுங்கிவிட்டு இரண்டு ஓட்டைகளையும் பலகை போட்டு அடைத்துப் பாருங்கள் என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. மூடிய பெட்டியில் ஒலி கீழே போகப் போக மெல்ல மெல்லச் சரியும், திடீரென்று கைவிடாது.

மேடையோரம், சிவாஜிநகர்

ஐயா, அவர் வைத்திருக்கும் ஸ்பீக்கர் எந்தப் பெட்டிக்கு ஏற்றது என்று பார்க்காமல் அடைக்கச் சொல்லாதீர்கள். சட்டத்தை உடைக்கவும் வேண்டாம். குழாய்க் கடையில் விற்கும் எல்போ (வளைவுத் துண்டு) ஒன்றைப் போட்டு, சட்டத்துக்கு முன்பாகவே குழாயை மேல்நோக்கித் திருப்பினால் போதும். வளைவின் நடுக்கோட்டில் நூல் வைத்து அளந்து மொத்தம் 20 செ.மீ. வருமாறு வெட்டுங்கள். உள்முனைக்கும் எதிரே இருக்கும் எதற்கும் இடையே குறைந்தது குழாயின் விட்டமளவு இடைவெளி இருக்கட்டும். உள்ளே ஒட்டியிருக்கும் பஞ்சு குழாய் வாயை மறைக்கக் கூடாது. ஆம்பெக் விவாதத்தை வேறு நாள் வைத்துக்கொள்வோம்.

நான்குதந்தி, அல்சூர்

எல்போ வேலை முடிந்தது. ஆசாரியே செய்தார், கூலி வாங்க மறுத்துவிட்டார். இந்த முறை நூலை வைத்து அளக்கும்போது நான் பக்கத்தில் நின்றேன். மறுபடி அளந்ததில் மேடுகள் 25இலும் 83இலும் இருக்கின்றன, பள்ளம் 46இல். ஒரு ஹெர்ட்ஸ் கூடுதலாக இருப்பதற்கு எல்போவின் உள்விட்டம் காரணமாக இருக்கலாம். அதை நோண்டப் போவதில்லை.

நேற்று மாலை ஒரு திருமண வரவேற்பில் முதல் முறையாக மேடை ஏற்றினேன். நானூறு பேர் அமரும் மண்டபம்; பேஸ் ஒலி மண்டபத்தின் பெரிய ஸ்பீக்கர்களுக்கும் தனியாகப் போனது என்றாலும் மேடையில் இருந்தவர்கள் என் பெட்டியை நம்பியே வாசித்தார்கள். ஈ தந்தி இப்போது நிற்கிறது. ஜி, ஜி ஷார்ப் இரண்டும் ஏ தந்தியோடு ஒரே குடும்பமாக ஒலிக்கின்றன. முன்பு அவை பக்கத்து வீட்டிலிருந்து வருவது போல் இருந்தன. மிக உரக்க வாசிக்கும்போது திறந்த ஈயில் மட்டும் கூம்பு சற்று அதிகமாக ஆடுவதைக் கண்ணால் பார்க்க முடிகிறது, காதுக்கு எட்டவில்லை. ஸ்பீக்கர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது இன்னொரு வகையில் உதவியது: மேல் ஸ்பீக்கர் முழங்காலுக்கு மேலே வந்துவிடுவதால், பக்கவாட்டில் நின்ற கீபோர்டு வாசிப்பவருக்கும் சுரங்கள் தெளிவாகக் கேட்டன. பழைய பெட்டியில் என் முழங்கால்களுக்குத்தான் நன்றாகக் கேட்டது.

மாடி அறையில் ஏ தந்தி இன்னமும் ஊதுகிறது. பெட்டியைச் சுவரோரத்திலிருந்து அறையின் நடுப்பக்கமாக இழுத்ததில் பாதி குறைந்தது. மீதிக்கு ஆம்பில் 55 ஹெர்ட்ஸ் பக்கம் சற்றுக் குறைத்துக்கொள்கிறேன். வெளியே போகும்போது அந்தக் குமிழைத் திரும்ப நேராக்க மறந்துவிடக் கூடாது. நேற்று தொடக்கத்தில் இரண்டு பாடல்களுக்கு மறந்துவிட்டேன்.

ஐந்தாம்தந்தி, கோரமங்களா

வரைபடம் கிடைக்குமா? நான் 18 மி.மீ. பலகைக்குப் பதிலாக 12 மி.மீ. பலகையில் செய்ய நினைக்கிறேன். எடை குறையும் அல்லவா?

நான்குதந்தி, அல்சூர்

குறையும், என் கணக்கில் ஐந்தாறு கிலோ. ஆனால் பலகை மெலியும்போது குறுக்குச் சட்டங்கள் கூட வேண்டும். இல்லாவிட்டால் பக்கப் பலகைகளே பாடத் தொடங்கிவிடும். முன்பலகையை மட்டும் 18ஆகவே விடுங்கள், ஸ்பீக்கர் திருகுகளுக்குப் பிடி வேண்டும். வரைபடத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். சட்டங்கள் எங்கெங்கே வருகின்றன என்று குறித்து, குழாயை எல்போவுடன் சேர்த்து வரைந்து, பக்கத்தில் நீளத்தைச் சிவப்பு மையில் எழுதி நாளை இங்கே போடுகிறேன். உங்கள் ஸ்பீக்கர் வேறு என்றால் பெட்டியின் அளவையும் குழாயின் நீளத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஸ்பீக்கருடன் வந்த தாளை இங்கே ஏற்றுங்கள், அலைநீளம் அவர்கள் கணக்குப் போட்டுத் தருவார் என்று அவரைக் கேட்காமலே வாக்களிக்கிறேன்.

அலைநீளம், ஒயிட்ஃபீல்டு

ஏற்றுங்கள். குழாய்க்குள் அளவுகோலை விட்டு எடுத்த படத்தையும் சேர்த்து.